சொந்தத் தோட்டத்தில் சுடலாமா? துப்பாக்கிச் சட்டம் பற்றி ஒரு பாடம்



சில மாதங்களுக்கு முன் நம் அறக்கட்டளையின் சட்ட ஆலோசனை முகாமுக்கு ஒரு தாய் வந்தார். கையில் ஒரு பழைய துப்பாக்கி லைசென்ஸ் புத்தகம், கண்ணில் தூக்கமில்லாத களைப்பு. கணவர் மவுத்தாகி பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அவருடைய இரட்டைக்குழல் துப்பாக்கி பீரோவிலேயே இருந்திருக்கிறது. அதை யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று வீட்டில் எவரும் யோசிக்கவில்லை. ஒருநாள் இரவு தென்னந்தோப்புக்குள் காட்டுப்பன்றிக் கூட்டம் புகுந்தது. இளைய மகன் அந்தத் துப்பாக்கியை எடுத்துப் போய் வானத்தைப் பார்த்து இரண்டு தடவை சுட்டிருக்கிறார். பன்றிகள் ஓடிவிட்டன. மறுநாள் காலை வீட்டு வாசலில் போலீஸ் ஜீப் நின்றது.

அந்தத் தாய் கேட்டது ஒரே கேள்விதான். "எங்க சொந்தத் தோட்டத்துலதான தம்பி சுட்டான்? அடுத்தவங்க இடத்துலயா போய்ச் சுட்டான்? ஒருத்தருக்கும் ஒரு காயம்கூட இல்லையே!"

இந்தக் கேள்வி நம்மில் பலருடைய மனத்தில் இருக்கும் கேள்வி. பட்டா நம் பெயரில் இருக்கிறது, வேலி போட்டிருக்கிறோம், உள்ளே என்ன செய்தால் யாருக்கென்ன என்று நாம் நினைக்கிறோம். துப்பாக்கி விஷயத்தில் இந்த நினைப்பு தவறு. ஏன் தவறு என்பதை இந்த இதழில் படிப்படியாகப் பார்ப்போம்.

சட்டம் முதலில் பார்ப்பது இடத்தை அல்ல

நம் நாட்டில் துப்பாக்கிகளுக்கான அடிப்படைச் சட்டம் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். அதை நடைமுறைப்படுத்தும் விரிவான விதிகள் 2016ஆம் ஆண்டில் புதிதாக வந்தன. 2019ஆம் ஆண்டு சட்டத்தில் முக்கியமான திருத்தங்கள் செய்யப்பட்டுத் தண்டனைகள் கூட்டப்பட்டன.

இந்தச் சட்டம் "எங்கே சுட்டாய்?" என்று முதலில் கேட்பதில்லை. "இந்தத் துப்பாக்கி உன் கையில் எப்படி வந்தது? உன் பெயரில் உரிமம் இருக்கிறதா?" என்றுதான் கேட்கிறது. சட்டத்தின் 3ஆவது பிரிவின்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கியையோ தோட்டாவையோ வாங்குவதும், வைத்திருப்பதும், எடுத்துச் செல்வதும் குற்றம். சுட வேண்டும் என்றுகூட இல்லை. பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தாலே போதும். பரணில் கிடக்கும் பழைய தோட்டாக்களுக்கும் இதே சட்டம்தான்.

உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறையும் அபராதமும் உண்டு. முன்பு இது 1 முதல் 3 ஆண்டாக இருந்தது. உரிமமின்றித் துப்பாக்கி செய்வது, விற்பது, பழுது பார்த்துக் கொடுப்பது ஆகியவற்றுக்குக் குறைந்தது 7 ஆண்டு. ஆயுள் சிறை வரைகூடப் போகலாம்.

"அது பெரிய துப்பாக்கிகளுக்குத்தானே, எங்களிடம் இருப்பது கரிமருந்து கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கி" என்று சிலர் சொல்வார்கள். குழல் வாய் வழியாக மருந்தும் ஈய ரவையும் இட்டுச் சுடுகிற நாட்டுத் துப்பாக்கியும் சட்டத்தின் பார்வையில் துப்பாக்கிதான். அதற்கும் உரிமம் வேண்டும். ஜவ்வாது மலை, கல்வராயன் மலை போன்ற மலைப் பகுதிகளில் உரிமமற்ற நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைத்துவிடுங்கள் என்று காவல்துறை அவ்வப்போது அறிவிப்புச் செய்வது இதனால்தான்.

உரிமம் இருந்தால் என்ன வேண்டுமானாலும் செய்யலாமா?

செய்ய முடியாது. உரிமம் ஒரு காரணத்துக்காகவே வழங்கப்படுகிறது. உயிர்ப் பாதுகாப்பு, விளையாட்டு, பயிர்ப் பாதுகாப்பு என்று அந்தக் காரணம் உரிமத்தோடு சேர்ந்தே வரும். பயிர்க் காவலுக்கு உண்மையிலேயே தேவைப்படும் விவசாயிக்கு நாட்டுத் துப்பாக்கி உரிமம் வழங்கச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. மாவட்டங்களில் ஆட்சியர் அலுவலகத்திலும், மாநகரங்களில் காவல் ஆணையர் அலுவலகத்திலும் விண்ணப்பிக்க வேண்டும். காவல்துறை விசாரித்து அறிக்கை கொடுக்கும். துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சியும் பெற்றிருக்க வேண்டும்.

உரிமம் கிடைத்த பிறகும் சில எல்லைகள் உண்டு.

ஒன்று, உரிமம் அந்த மனிதருக்கு மட்டுமே. அத்தாவின் உரிமத்தில் மகன் சுட முடியாது. அண்ணன் துபாயில் இருக்கும்போது தம்பி எடுத்துச் சுட முடியாது.

இரண்டு, 21 வயது நிரம்பாதவருக்கு உரிமம் கிடையாது. இளையவர்கள் துப்பாக்கி சுடும் விளையாட்டைக் கற்க வேண்டுமானால், அங்கீகாரம் பெற்ற ரைபிள் கிளப்பில் பயிற்சியாளர் முன்னிலையில்தான் கற்க வேண்டும். தோட்டத்தில் தேங்காயை அடுக்கிவைத்துக் குறிபார்த்துப் பழகுவது பயிற்சி ஆகாது.

மூன்று, ஒருவர் 2 துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. முன்பு 3 வரை அனுமதி இருந்தது. 2019 திருத்தம் அதை இரண்டாகக் குறைத்தது. பாட்டனார் காலத்துத் துப்பாக்கி, வாரிசாக வந்தது என்றாலும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

நான்கு, உரிமத்தின் நிபந்தனையை மீறினால் தண்டனை உண்டு. உரிமத்தையே ரத்து செய்யவும் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு.

"வானத்தைப் பார்த்துத்தானே சுட்டேன்"

முகாமுக்கு வந்த தாயின் மகனும் இதைத்தான் சொன்னார். மேலே போன குண்டு மேலேயே நிற்காது. எங்கோ ஒரு இடத்தில் இறங்கியே தீரும். இறங்கும்போது ஒரு மனிதனின் தலையோட்டை உடைக்கும் வேகம் அதற்கு இருக்கக்கூடும். சிறிய .22 ரைபிள் தோட்டாகூட 1 கிலோமீட்டருக்கு அப்பால் போய் விழக்கூடியது. நம் தோப்பின் நீளம் எத்தனை அடி? வேலிக்கு அந்தப் பக்கம் யாருடைய வீடு இருக்கிறது? களத்தில் யார் படுத்திருக்கிறார்கள்? இருட்டில் சுடுகிறவருக்கு இது எதுவும் தெரியாது.

2021 டிசம்பர் இறுதியில் புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில் நடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அங்குள்ள துப்பாக்கி சுடும் தளத்தில் பாதுகாப்புப் படையினர் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது, அருகிலுள்ள ஒரு வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. சில நாள் சிகிச்சைக்குப் பின் 2022 ஜனவரி தொடக்கத்தில் அந்தப் பிள்ளை இறந்துபோனான். அது பயிற்சிக்கென்றே ஒதுக்கிய இடம். சுட்டவர்கள் முறையாகப் பழகியவர்கள். அப்படிப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே இப்படி நடக்குமானால், தென்னை மரங்களுக்கு நடுவே அரைத் தூக்கத்தில் எழுந்துபோய்ச் சுடுகிறவர் எதை நம்பிச் சுடுகிறார்?

இதற்காகவே 2019 திருத்தத்தில் 25ஆவது பிரிவின் கீழ் ஒரு புதிய உட்பிரிவு சேர்க்கப்பட்டது. கவனக்குறைவாகவோ, கொண்டாட்டத்துக்காகவோ சுட்டு, பிறருடைய உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்தை உண்டாக்கினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். யாருக்கும் காயம் பட்டிருக்க வேண்டியதில்லை. ஆபத்தை உண்டாக்கினாலே போதும். காயம் பட்டாலோ, உயிர் போனாலோ, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் கீழ் வேறு குற்றங்களும் சேரும். கவனக்குறைவால் உயிர் போனால் மட்டுமே 5 ஆண்டு வரை சிறை.

கல்யாண வீடுகளுக்கும் இங்கே ஒரு வார்த்தை. வடமாநிலங்களில் மாப்பிள்ளை ஊர்வலத்தில் துப்பாக்கியால் சுட்டு உயிர்கள் போன செய்திகளைப் படித்திருப்போம். நம் பக்கத்தில் அந்த வழக்கம் இல்லை. ஆனாலும் கைபேசியில் வரும் காட்சிகளைப் பார்த்துவிட்டு, "நிக்காஹ் நம்ம வீட்டு முற்றத்துல, நம்ம பந்தல்ல" என்று எந்த இளைஞரும் ஆசைப்பட வேண்டாம். கொண்டாட்டச் சுடுதல் என்றால் என்ன என்பதற்குச் சட்டமே விளக்கம் தருகிறது. பொதுக் கூட்டங்கள், வழிபாட்டு இடங்கள், திருமண வீடுகள், பிற விழாக்கள் எல்லாம் அந்த விளக்கத்துக்குள் அடங்கும். பந்தல் யாருடைய இடத்தில் போடப்பட்டது என்ற பேச்சே அதில் இல்லை.

விளையாட்டுக்காகக்கூட ஒரு சகோதரரை நோக்கி ஆயுதத்தை நீட்டக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்திருப்பது நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்த பாடம். இதில் சட்டமும் அதே பக்கம்தான் நிற்கிறது.

பயிரைத் தின்னும் விலங்கைச் சுடலாமா?

தோட்டம் வைத்திருப்பவர்களின் வேதனை நமக்குத் தெரியும். ஆறு மாத உழைப்பை ஒரே இரவில் பன்றிக் கூட்டம் புரட்டிப் போட்டுவிடும். ஆனால் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டு விலங்கை அரசின் உடைமையாகக் கருதுகிறது. அது நம் நிலத்துக்குள் வந்துவிட்டதால் நமக்குச் சொந்தமாகிவிடாது. சுட்டுக் கொன்றால்தான் வேட்டை என்பதில்லை. கொல்ல முயன்றாலும், காயப்படுத்தினாலும், பொறி வைத்தாலும் வேட்டைதான்.

காட்டுப்பன்றி, முயல் போன்றவை அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கின்றன. இவற்றை வேட்டையாடினால் 3 ஆண்டு வரை சிறையோ, 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைக் கொன்றால் குறைந்தது 3 ஆண்டு, 7 ஆண்டு வரை சிறை. அபராதம் குறைந்தது 25,000 ரூபாய்.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது. நம் உயிரையோ, இன்னொரு மனிதரின் உயிரையோ காப்பாற்ற நல்லெண்ணத்தோடு ஒரு விலங்கைக் கொன்றாலோ, காயப்படுத்தினாலோ அது குற்றமில்லை. இது மனித உயிருக்கான விலக்கு, பயிருக்கானது அல்ல. பயிரைக் காக்க விலங்கைக் கொல்ல வேண்டுமென்றால், அதற்கான எழுத்து மூல உத்தரவை வனத்துறை அதிகாரிதான் தர முடியும். 2025ஆம் ஆண்டு தமிழக அரசு காட்டுப்பன்றிகளுக்கென ஒரு நடைமுறையை அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் சுடலாம், ஆனால் வனத்துறையின் பயிற்சி பெற்ற ஆட்கள்தான் சுட வேண்டும். விவசாயி தன் கையால் சுட இதில் அனுமதி இல்லை.

அதனால் பன்றித் தொல்லை உள்ளவர்கள் வனச்சரக அலுவலகத்தில் எழுத்து மூலம் மனுக் கொடுங்கள். சேதத்தைப் புகைப்படம் எடுத்து, சிட்டா அடங்கல் நகலோடு இழப்பீட்டுக்கும் விண்ணப்பியுங்கள். அவுட்டுக்காய் வைப்பது, வேலியில் திருட்டுத்தனமாக மின்சாரம் பாய்ச்சுவது போன்ற குறுக்கு வழிகள் துப்பாக்கியைவிடக் கொடியவை. அவற்றில் சிக்குவது பல நேரம் பக்கத்து வீட்டுப் பிள்ளையோ, நம் சொந்த ஆடு மாடோதான்.

திருடன் வந்தால்?

"சரி, மனிதனே திருட வந்தால்?" என்று முகாமில் ஒரு பெரியவர் கேட்டார். தற்காப்பு உரிமை நம் சட்டத்தில் உண்டு. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்தது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகளில் இருக்கிறது. ஆனால் அதற்கு ஓர் அளவு உண்டு. ஆபத்தைத் தடுக்க எவ்வளவு தேவையோ அவ்வளவுதான். அதற்கு மேல் போகக் கூடாது.

தோப்பில் தேங்காய் திருடிக்கொண்டு ஓடுகிறவனைச் சுட்டுக் கொன்றால், அதைத் தற்காப்பு என்று சட்டம் ஏற்காது. வெறும் திருட்டுக்கு உயிரைப் பறிக்கும் உரிமை கிடையாது. கொள்ளை, இரவில் வீட்டை உடைத்து நுழைதல், வீட்டுக்குத் தீவைத்தல், நம் உயிர் போகும் அல்லது கொடுங்காயம் ஏற்படும் என்று நியாயமாகவே அஞ்ச வேண்டிய நிலை போன்றவற்றில்தான் அந்த உரிமை அவ்வளவு தூரம் நீளும். அப்போதும், நடந்தது அப்படித்தான் என்று நீதிமன்றத்தை நம்பவைக்கும் சுமை நம் தலையில் வந்து விழும். ஒரு குலை தேங்காய்க்காக அந்தச் சுமையை எடுப்பது புத்திசாலித்தனமா என்று நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஏர்கன் விளையாட்டுப் பொருளா?

வளைகுடாவிலிருந்தும் நகரத்துக் கடைகளிலிருந்தும் பிள்ளைகளுக்கு ஏர்கன் வாங்கி வரும் பழக்கம் நம்மிடம் உண்டு. 2016 விதிகளின்படி குழல் விட்டம் 0.177 அங்குலத்துக்கு, அதாவது 4.5 மில்லிமீட்டருக்கு, மேற்படாமலும் வெளியேறும் வேகத்தின் ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்படாமலும் இருந்தால் உரிமம் வேண்டாம். இவற்றில் ஏதாவது ஒன்றைத் தாண்டினாலும் உரிமம் வேண்டும். வாங்குமுன் பெட்டியில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள்.

உரிமம் வேண்டாத ஏர்கனாலும் ஒரு பிள்ளையின் கண் போகும். அதைக் கொண்டு கிளியையோ, மைனாவையோ, கொக்கையோ அடித்தால் வனவிலங்குச் சட்டம் பாயும். மொட்டை மாடியில் பிள்ளை செய்வதற்கு அத்தாதான் பதில் சொல்ல வேண்டி வரும்.

வீட்டில் துப்பாக்கி இருந்தால் செய்ய வேண்டியவை

உரிமதாரர் மவுத்தாகிவிட்டால் துப்பாக்கியையும் தோட்டாக்களையும் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். உரிமம் காலாவதியானாலும் இதே வழிதான்.

வாரிசுகளில் ஒருவர் அந்தத் துப்பாக்கியை வைத்துக்கொள்ள விரும்பினால், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையில்லாக் கடிதத்தோடு தம் பெயருக்கு உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். உரிமதாரர் உயிரோடு இருக்கும்போதே 70 வயது ஆகிவிட்டாலோ, 25 ஆண்டு துப்பாக்கி வைத்திருந்தாலோ, தம் வாரிசு ஒருவருக்கு மாற்றிக் கேட்கவும் விதியில் வழி இருக்கிறது. எல்லாவற்றையும் இறப்புக்குப் பின் என்று தள்ளிப்போட வேண்டாம்.

உரிமம் இப்போது 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

நீண்ட நாள் வெளிநாடு போகிறவர்கள் துப்பாக்கியை வீட்டில் விட்டுவிட்டுப் போகாமல் முறைப்படி ஒப்படைத்துவிட்டுப் போவது நல்லது. தேர்தல் நேரத்தில் ஒப்படைக்கச் சொல்லி அறிவிப்பு வந்தால் உடனே செய்யுங்கள்.

துப்பாக்கியும் தோட்டாவும் ஒரே இடத்தில் இருக்க வேண்டாம். இரண்டையும் தனித்தனியே பூட்டி வையுங்கள். சாவி இருக்கும் இடம் பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாது.

உரிமமில்லாத பழைய துப்பாக்கி எதுவும் வீட்டில் இருந்தால் பயந்து ஒளிக்காதீர்கள், கிணற்றிலும் போடாதீர்கள். முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். நம் முகாமுக்கு வந்தாலும் உதவுவோம். தானாக முன்வந்து ஒப்படைப்பவரின் நிலை, சோதனையில் பிடிபடுபவரின் நிலையைவிட எப்போதும் நல்லது.

அந்தக் குடும்பம் இப்போது

அந்தத் தாயின் மகன் இரண்டு வாரத்துக்குப் பின் ஜாமீனில் வந்தார். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. வெளிநாட்டு வேலைக்காக அவர் விண்ணப்பித்திருந்த பாஸ்போர்ட் வழக்கினால் நின்றுபோனது. துப்பாக்கி நீதிமன்றத்தின் பொறுப்பில் இருக்கிறது. கணவர் மவுத்தான வாரத்திலேயே ஒரு வெள்ளைத் தாளில் நான்கு வரி எழுதிக் காவல் நிலையத்தில் அதை ஒப்படைத்திருந்தால் இத்தனையும் நடந்திருக்காது. "யாராவது ஒருத்தர் அன்னைக்கே சொல்லியிருந்தா நானே தூக்கிட்டுப் போய்க் குடுத்திருப்பேனே" என்று அவர் அழுதார்.

அவருக்கு அன்று சொல்ல ஆளில்லை. இதைப் படிக்கும் நீங்கள் உங்கள் தெருவில், உங்கள் ஜமாஅத்தில் துப்பாக்கி உள்ள வீடு எது என்று யோசித்துப் பாருங்கள். அந்த வீட்டுக்குப் போய் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். பெரியவர் உயிரோடு இருந்தால் உரிமத் தேதியைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் மறைந்துவிட்டிருந்தால், துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். பட்டா நிலத்துக்குத்தான், நம் வேலியைத் தாண்டிப் போகும் குண்டுக்கு எந்தப் பட்டாவும் கிடையாது.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் வாரிசுச் சான்றிதழ் பெறும் முறையைப் பார்ப்போம். வஸ்ஸலாம்.